விருந்துக்குப் போன பந்தயக்காரன்

முஸ்தகீமுக்குத் தன்னைவிட ஒரு பிக்கப் வண்டிமேல்தான் காதல் அதிகம் என்று தெரிந்தேதான் சஹர் நிக்காஹுக்குச் சம்மதம் சொன்னாள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் டீசல் வண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டின் பின்பக்கம், தார்ப்பாய் போர்த்தி, புது மாப்பிள்ளைக்குரிய மரியாதையோடு நிற்கும். அதைக் கால் மைல் டிராக் ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். ரேஸில் அதைத் தானே ஓட்ட வேண்டும் என்று சஹருக்கு ஆசை. சொன்னபோது அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"மச்சான், அத்தாவோட கேட்டரிங் வேனை அண்டா அண்டாவா ஏத்திக்கிட்டு பூந்தமல்லி டிராஃபிக்ல ஓட்டினவ நான். ஒரு சொட்டு தால்ச்சா சிந்தினதில்ல."

"இது தால்ச்சா இல்லம்மா, டர்போ. ரேஸ்ல எடைதான் எதிரி. ஓட்டுற ஆளோட சேர்த்து வண்டி ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்குள்ள வரணும். என்னை உக்கார வெச்சு எடை போடுவோம். மேல போச்சுன்னா நீயே ஓட்டு."

ஷெட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னான். ராத்திரிச் சோற்றை நிறுத்தினால் தான் கச்சிதமாக உள்ளே வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னான்.

வண்டியை உரிக்கத் தொடங்கினார்கள். பின்சீட், ஸ்டெப்னி, தரைவிரிப்பு, இழுவைக் கொக்கி எல்லாம் கழன்றன. சஹர் ஐ.டி. கம்பெனி வேலை முடிந்ததும் நேரே ஷெட்டுக்கு வந்து ஸ்பானர் பிடிப்பாள். பெரிய டர்போவுக்கு ஏற்ற டீசல் அளவை லேப்டாப்பில் சரிசெய்ததும் அவள்தான். கறுப்புப் புகை கிளம்பினால்தான் கெத்து என்பான் அவன். எரியாத டீசலுக்கு எதற்குக் கெத்து என்பாள் அவள். ரேஸில் புறப்படும்போது பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை அழுத்தி, டர்போ முழுக்கக் காற்று பிடித்ததும் வெடுக்கென்று பிரேக்கை விட வேண்டும். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் இருவரும் பழகினார்கள். அவன் விட்டால் வண்டி குதித்தது. அவள் விட்டால் பாய்ந்தது. அதை இருவருமே பார்த்தார்கள், சஹர் மட்டும்தான் வெளியே சொன்னாள்.

எடை பார்க்கும் நாள் நெருங்க நெருங்க, முஸ்தகீம் உண்மையிலேயே இளைத்து வந்தான். இப்படியே போனால் சஹருக்கு ஸ்டியரிங் கிடைக்காது. அப்போதுதான் அவளுக்கு விருந்து ஞாபகம் வந்தது.

புதுசாகக் கல்யாணமானவர்களைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். மாப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளுக்கு அவமானம். இன்னும் கூப்பிடாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சஹர் போனை எடுத்து முதலில் குப்பியை, அதாவது அப்பாவின் தங்கையை, கூப்பிட்டாள்.

"குப்பி, அவருக்கு உங்க மேல சின்ன மனத்தாங்கல். எல்லாரும் கூப்பிட்டாங்க, பூந்தமல்லி குப்பி மட்டும் மறந்துட்டாங்களேன்னு."

மறுநாளே பூந்தமல்லியில் விருந்து. அப்புறம் அயனம்பாக்கம், ஆவடி, பட்டாபிராம். போகிற இடமெல்லாம் மருமகன் தட்டில் மட்டன் மலையாகக் குவிந்தது. அவன் பாவமாக சஹரைப் பார்ப்பான். அவள் எலுமிச்சை ஜூஸை உறிஞ்சியபடி, "எனக்கு ஒண்ணும் இறங்கல குப்பி, அவருக்கு வைங்க" என்பாள். அத்தைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனிக்கத் தவறினாள்.

ரேஸ் அன்று காலை வண்டியை எஸ்டேட் எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். லாரி எடை போட்டே பழகிய சின்னசாமி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, வண்டிய இப்டி உரிச்சிகினு வந்துகீற. உள்ள ஒண்ணியும் காணோம்."

முஸ்தகீம் ஏறி உட்கார்ந்தான். ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து.

"வண்டி எளச்சிகீது. நீ தான் ஊதிகீற" என்றார் சின்னசாமி.

சஹர் சாவிக்குக் கை நீட்டிய நேரம், ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவள் அம்மா சைனம்பு டிபன் கேரியரோடு இறங்கினாள்.

"அந்த வண்டிகிட்டயே போகாத. மொத மூணு மாசம் குலுங்கவே கூடாது."

"எதுக்கு?"

"எதுக்காம். ஊரே சொல்லுது. விருந்துல ஒரு வாய் தின்னல, ஜூஸ் மட்டும் குடிக்கிறான்னு குப்பி போன் பண்ணி அழுவுறா. பெத்தவ எனக்குத்தான் தெரியல."

 சஹர் திரும்பினால், முஸ்தகீம் வண்டியைவிட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்டகூட சொல்லலியே சஹர். ரேஸெல்லாம் வேணாம். இத வித்துட்டு நல்ல குடும்ப வண்டியா எடுப்போம்."

இப்போது தலையாட்டினால் வண்டி போய்விடும். உண்மையைச் சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"அப்படி ஒண்ணுமில்ல மச்சான். உங்க எடையை ஏத்தத்தான் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடச் சொன்னேன். என் எடை ஏறக்கூடாதுன்னு நான் சாப்பிடல."

சைனம்பு தலையில் கை வைத்தாள்.

"பட்டாபிராம் நல்லி எலும்பு?" என்றான் முஸ்தகீம் மெதுவாக.

"நான்தான்."

"ஆவடில ரெண்டாவது தடவை வெச்ச தம்ரூட் ஸ்வீட்?"

"அதுவும்தான்."

அவன் ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து காட்டியிருந்த எடைப் பெட்டியைப் பார்த்தான். "வாயைத் திறந்தது நான்தானே" என்று சாவியை அவள் கையில் வைத்தான். "மாமி, கேரியரைத் திறங்க. இவ சாப்பிட்டாத்தான் ஊர் நம்பும்."

எடை மேடையிலேயே நிற்க வைத்து ஊட்டினாள் சைனம்பு. பிரியாணி, கத்தரிக்காய்ப் பச்சடி, நாலு முட்டை. "இன்னும் எடம் கீது, ஊட்டும்மா" என்று சின்னசாமி உற்சாகப்படுத்தினார். எல்லாம் தின்றும் வண்டியோடு சேர்த்து அளவுக்குள்தான் இருந்தாள்.

மாலை, பந்தயத் தடத்தில், புறப்பாட்டுக் கோட்டுக்குச் சற்று முன்னால் முஸ்தகீம் ஜன்னல் வழியாகக் குனிந்து அவளுடைய சீட் பெல்ட்டை இழுத்துக் கட்டினான்.

"மச்சான், வயிறு நெறைய சோறு இருக்கு. கொஞ்சம் தளர்த்துங்க."

"அப்படியா" என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஒதுங்கினான். சஹர் அவனை முறைத்தபடியே பிரேக்கை மிதித்து, ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கறுப்புப் புகையே இல்லாமல் வண்டி பாய்ந்தது.