பின்சீட்டு இல்லாத வண்டி

வீப்கேவுக்கு அந்த வண்டியின் மேல் ஆசை வந்ததற்கு வேகம் காரணமில்லை. அதில் இரண்டே இருக்கைகள், அவ்வளவுதான். கூரையை மடக்கிவிட்டால் வானம் தெரியும், கடற்காற்று படும், அறுபது வயதுக்கு மேல் இதைக்கூட அனுபவிக்காவிட்டால் எப்போது என்றெல்லாம் கணவன் யெல்தோவிடம் சொல்லிவைத்திருந்தாள். உண்மைக் காரணத்தை, எதிர்வீட்டுக்காரியான என்னிடம் மட்டும் ஒருநாள் மூன்றாவது கோப்பைத் தேநீரின்போது சொன்னாள்.

"பின்னாடி சீட்டே கிடையாதுக்கா. மடக்கி வைக்கிற சீட்டுகூட இல்ல."

அந்தப் பின்சீட்டில்தான் முப்பது வருடமாக யெல்தோவின் அண்ணன் ஹின்ரிக் உட்கார்ந்திருக்கிறார். வட ஜெர்மனியில் எங்கள் லேயர் நகரத்தில் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தேர்வின்போது பயிற்சியாளர் முன்னால் இருப்பார், அதிகாரி பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்த இடம் அவருக்கு உடம்போடு ஒட்டிப்போய்விட்டது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலியாக இருந்த சீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறியவர், அப்புறம் இறங்கவே இல்லை.

யெல்தோவுக்கு மதியச் சாப்பாட்டோடு பீர் வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை ஓட்டுவது வீப்கேதான். ஆகையால் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குத் தேர்வு. வீட்டில் சாதாரணமாகப் பேசும் ஹின்ரிக், வண்டியில் ஏறியதும் அலுவலகக் கடிதம் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். "அடுத்த சந்திப்பில் இடப்புறம் திரும்பவும்" என்பார். அவள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வளைத்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார், தொண்டையை மட்டும் செருமுவார். அந்தச் செருமல்தான் அவளை அரித்தது. கணவனும் மனைவியும் தனியாக, கடல் ஊருக்குள் வராமல் தடுக்கும் அணைப்பக்கம் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரவேண்டும், ஒரே ஒரு ஞாயிறு. அவள் கேட்டதெல்லாம் அதுதான். வாயைத் திறந்து "நீ வராதே" என்று சொல்ல அவளாலும் முடியவில்லை, யெல்தோவாலும் முடியவில்லை. கெட்ட மனுஷராக இருந்தால் சொல்லிவிடலாம். அவர் அப்படி இல்லையே.

வண்டி பார்க்கப் போன சனிக்கிழமையும் ஹின்ரிக் வந்தார். யெல்தோதான் ஃபோனில் உளறிவிட்டிருக்கிறான். பழைய வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து விற்பனை நிலையம் வரைக்கும் வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஓல்ட்மான்ஸ் என்ற பெண், ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த கரும்பச்சை நிற வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு பொத்தானை அமுக்கியதும் கூரை தானாக மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஹின்ரிக் வண்டியை இரண்டு தரம் சுற்றிவந்து, ஏதோ தொலைத்தவரைப் போல இருக்கைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். வீப்கே மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சிரித்து முடிப்பதற்குள் அவர் மறுபக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் ஏறியிருந்த யெல்தோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தா போதும், நான் சொல்லிடுவேன்" என்றார். யெல்தோ மனைவியைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்பதுபோல விரலைக் காட்டினான். வண்டி போய்விட்டது.

அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. ஓல்ட்மான்ஸ் காபி கொடுத்தாள், திரும்பவும் கொடுத்தாள். கடைசியில், வண்டி உங்களுக்கா அவர்கள் இரண்டு பேருக்குமா என்று தயங்கிக் கேட்டாள்.

திரும்பி வந்த ஹின்ரிக், கதவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முயற்சியில்தான் வெளியே வந்தார். வந்ததும் தீர்ப்பு சொன்னார். பின்பெட்டியில் தண்ணீர்பாட்டில் கூடை ஒன்றுதான் கொள்ளும். கூரையை மூடினால் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. மழை பிடித்தால் பேச்சுகூடக் கேட்காது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இதை வாங்குவது வீண்.

"ஹின்ரிக் சொல்றதும் சரிதான்" என்றான் யெல்தோ.

வீப்கே சாவியை வாங்கி, கணவனை உட்காரச் சொல்லி, கிளம்பிவிட்டாள்.

அணையோரச் சாலையில் முதல் மூன்று கிலோமீட்டர் அவள் நினைத்தபடியே இருந்தது. அணைச்சரிவில் ஆடுகள் மேய்ந்தன. காற்று தலைமுடியைக் கலைத்தது. பின்னாலிருந்து ஒரு செருமல் இல்லை. யெல்தோ ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தாள். ஆடுகளைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"ஹின்ரிக் அங்க தனியா நின்னுட்டிருப்பான் பாவம்."

அவள் ஓரமாக நிறுத்தினாள்.

"சீட்டு இல்லாத வண்டியிலயும் அவர ஏத்திட்டு வர்றியே யெல்தோ. உன்னால எப்படி முடியுது?"

"கோவிச்சுக்காத. சும்மா சொன்னேன்."

"நான் ஒண்ணு கேக்கறேன். உனக்கு என்கூடத் தனியா வர இஷ்டமா இல்லையா?"

முப்பது வருடத்தில் அவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றைக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"இஷ்டம்தான். ஆனா பயமா இருக்கு. அவன் இருந்தா அவனே பேசிடுவான், இல்லன்னா அவனைப் பத்தி நீ திட்டுவ, நான் சமாதானம் சொல்வேன். அவன் இல்லாம நம்ம ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறதுன்னே எனக்குத் தெரியல, வீப்கே."

இதை என்னிடம் சொல்லும்போதும் வீப்கேவின் கண்ணில் கோபம்தான் இருந்தது. அழவில்லை. தன் எரிச்சலையெல்லாம் இத்தனை வருஷம் தவறான ஆளின் மேல் கொட்டியிருக்கிறோமே என்று அங்கேதான் தோன்றியதாம்.

"ஒண்ணும் பேச வேணாம்" என்றாள். "பேசாம உக்காந்திருக்கலாம். அதுக்குத்தான் இத வாங்கறேன்."

திரும்பி வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போன ஓல்ட்மான்ஸ், எண்பலகைக்கு வந்ததும் நிமிர்ந்து, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று கேட்டாள். இந்த மாதிரி வண்டிகளை இங்கே பலரும் வெயில் மாதங்களுக்கு மட்டும்தான் பதிவு செய்வார்கள். மாதங்களை எண்பலகையிலேயே அடித்துக் கொடுப்பார்கள். மற்ற மாதங்களில் வண்டி தெருவில் நிற்கக்கூட அனுமதியில்லை.

"நாலு டு பத்து" என்று பின்னாலிருந்து ஹின்ரிக் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது. "அதுதான் புத்திசாலித்தனம். பழைய வண்டிய விக்க வேணாம். நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் எப்பவும்போல நாம மூணு பேரும் அதுல போகலாம்."

"வருஷம் முழுக்க" என்றாள் வீப்கே. "பழைய வண்டிய இங்கயே எடுத்துக்கங்க."

ஓல்ட்மான்ஸ் பேனாவை விண்ணப்பத்தின்மேல் வைத்துக்கொண்டு யெல்தோவைப் பார்த்தாள். அவன் கையெழுத்தும் வேண்டும். ஹின்ரிக்கும் அவனைப் பார்த்தார். வீப்கே மட்டும் பார்க்கவில்லை. மேசையிலிருந்த விலைப்பட்டியலை, ஒரு வரியும் புரியாமல், மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பழசையும் எடுத்துக்கங்க" என்றான் யெல்தோ, காதில் விழாத குரலில். ஓல்ட்மான்ஸ் திரும்பக் கேட்டாள். அவன் இன்னொரு தரம் சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

புது வண்டி தொழிற்சாலையிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பழையதையே ஓட்டவேண்டும். மூன்று பேரும் அதிலேயே வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஹின்ரிக் வழி சொல்லவில்லை, செருமவும் இல்லை. அந்த அமைதியும் வீப்கேவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று கண்ணாடியில் பார்க்கவும் மனம் வரவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும், "மழை வரும்போல" என்றான் யெல்தோ. மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

ஹின்ரிக் தன் வீட்டு வாசலில் இறங்கி, குடை இல்லாமல், கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்கு எப்பவும்போல பத்து மணிக்குத்தானே?"

வீப்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது, செத்தாலும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

கதவு வழியாக மழை உள்ளே அடித்தது.

"பத்தரைக்கு" என்றான் யெல்தோ. "அந்த அரை மணி நேரம் நாங்க ரெண்டு பேர் மட்டும்."