நான் என்ன செட்டரா?

"உங்க கோடிங்கைத் திறந்து காட்டுங்க சார்."

கேட்டேவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே பக்கத்து சீட் அக்கா காதில் ஓதியிருந்தாள்: "சங்கிலிகிட்ட என்ன வேணா கேளு, கோடிங்கைக் காட்டுன்னு மட்டும் கேட்டுடாதடி." சங்கிலி எங்கள் டீம் லீட். கோடிங்கில் ஒரு கட்டளையின் வாலில் புள்ளி வைத்து இன்னொன்றை, அதன் வாலில் மற்றொன்றை என்று கோத்துக்கொண்டே போவார். அதனால் வந்த பட்டப்பெயர்.

ஓர் ஆஸ்பத்திரிக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த ஆன்லைன் பதிவுப் படிவம் காலையிலிருந்து எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. போன் நம்பரை எத்தனை முறை அடித்தாலும் கீழே சிவப்பில் ஒரே பல்லவி: 'தொலைபேசி எண் தேவை'. கட்டம் காலியா என்று பார்க்கும் அந்தச் சரிபார்ப்பை எழுதியவள் நான். அதனால் தப்பும் என் தலையில். பயிற்சிக் காலம் முடிகிற நேரம். 'சரிபார்ப்பில் பிழை' என்று முத்திரை குத்தி என்னை அனுப்ப மேனேஜர் தயாராக இருந்தார். வேலை போனால் போகட்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியேறியவள், செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு இறங்க மாட்டாள்.

"முதல்ல உன் சரிபார்ப்பைப் பாரும்மா," என்றார் சங்கிலி. "காலியா இருக்குன்னு கத்துறது அதுதானே?"

"காலியா இருக்கு, கத்துது. திருடன் வந்தா நாய் குரைக்கும் சார். நாயை அடிச்சு என்ன பிரயோஜனம்?"

அக்கா இருமுவதுபோலச் சிரிப்பை விழுங்கினாள்.

பிரவுசரிலிருந்து நம்பர் ஒழுங்காகத்தான் கிளம்பியது. பெயர், வயது, முகவரி எல்லாம் என் சரிபார்ப்புக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தன. நம்பர் மட்டும் நடுவழியில் மாயம். நடுவில் இருப்பது, வந்த மதிப்பை வாங்கி உள்ளே வைக்கும் செட்டர். நம்பருக்கான செட்டர் மட்டும் சங்கிலி எழுதியது.

"காட்டுங்களேன், என்ன இப்போ?" என்றார் மேனேஜர். வேறு வழியில்லாமல் சங்கிலி திறந்தார்.

"கடைசி வரியில 'ரிட்டர்ன் திஸ்' எதுக்கு சார்?"

"அது தன்னையே திருப்பித் தந்தாத்தானே வாலில் அடுத்ததைக் கோக்கலாம். ஸ்டைலும்மா அது."

"நம்ம கோடிங்கை ஓட்டுற பழைய ஃபிரேம்வொர்க்குக்கு ஸ்டைல் புரியாது. செட்டர் வாங்கி வெச்சுக்கணும், எதையும் திருப்பித் தரக் கூடாது. 'வாய்ட்'னு, அதாவது ஒண்ணும் திரும்பி வராதுன்னு இருந்தாத்தான் அதைச் செட்டராவே மதிக்கும். இல்லேன்னா சத்தமில்லாம தாண்டிப் போயிடும்."

"தப்பு எதுவும் காட்டாம கம்பைல் ஆச்சே!"

"ஆகும். ஜாவா மொழிக்கு அது தப்பில்ல. ஃபிரேம்வொர்க்தான் கண்டுக்காது."

கீபோர்டை இழுத்துக்கொண்டேன். 'வாய்ட்' என்று மாற்றி, கடைசி வரியை அழித்து, அவர் கோத்திருந்த இடத்தைப் பிரித்துப் போட்டேன். சர்வர் எழுந்து வருவதற்குள் மொத்த வரிசையும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. என் பெயரையும் அம்மாவின் நம்பரையும் அடித்தேன்.

பச்சை. 'பதிவு முடிந்தது.'

யாரோ விசிலடித்தார்கள். அக்கா என் முதுகில் வைத்த அடி இன்னும் வலிக்கிறது.

"சபாஷ்! நீ பர்மனென்ட்," என்றார் மேனேஜர். "ரிப்போர்ட்ல மட்டும் 'சரிபார்ப்பில் பிழை'ன்னே இருக்கட்டும். லீட் பேரு கெடக் கூடாது பாரு."

"செட்டரில் பிழைன்னு போடுங்க."

"பெரிசு பண்ணாதம்மா. குடுக்கறதை வாங்கிட்டுப் பேசாம இரு."

வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க நான் என்ன செட்டரா?

'பிழை செட்டரில். சரிபார்ப்பு சரி.' திருத்தத்தின் குறிப்பாக அதை அடித்து, எல்லோர் கண்முன்னும் மெயின் கோடிங்கில் ஏற்றினேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்தேன். கோடிங்கைக் காட்டச் சொல்லி வாயைத் திறந்தபோதே எடுத்த முடிவுதான்.

படியில் இறங்கும்போது போன் அடித்தது. அம்மா.

"ஆஸ்பத்திரியிலேருந்து உன் பேர்ல பதிவு முடிஞ்சுதுன்னு மெசேஜ் வந்திருக்கேடி! உனக்கு என்னடி ஆச்சு?"

"நல்லா இருக்கேம்மா," என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல். "வெளிய வந்துட்டேன்."