நன்றி வெள்ளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் அல்சூர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னொரு முறை சொல்லவும் தயார்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் தாரணி வேலை பார்க்கும் கம்பெனியில், வெள்ளிதோறும் ஒவ்வொருவரும் குரூப் சாட்டில் சக ஊழியர் ஒருவருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுத வேண்டும். ஒற்றுமை வளர்வதற்கான ஏற்பாடு. யாருமே நன்றி சொல்லாத ஆள் திங்கட்கிழமை இருக்க மாட்டார். சென்ற மாதம் சீனிவாசராகவனுக்கு அப்படித்தான் ஆனது. அவரோடு அவருடைய நாற்காலியையும் காணோம். தரைவிரிப்பில் சக்கரம் பதிந்த தடத்தைக்கூடக் காணோம். யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாட்டில்தான் கேட்க வேண்டும், அதை மேனேஜர் நோரா படிப்பார்.

ஆகவே எல்லோரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். தாரணிக்கு ஜோடி, பக்கத்து சீட் ஆண்ட்ரூ, ஆஸ்டின் டவுன்காரன். இவள் அவனுக்கு எழுதுவாள், அவன் இவளுக்கு எழுதுவான். ஆம்பூரில் அப்பாவின் டயாலிசிஸ் இந்தக் கம்பெனி இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது என்பதால், போன வெள்ளி பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டாள்: ஆண்ட்ரூ இல்லாவிட்டால் என் வேலையில் பாதி நடக்காது.

இந்த வெள்ளி, மதியம் தாண்டியும் அவள் பெயர் வரவில்லை. காபி எடுக்கப் போனாள். மெஷின் நெடுநேரம் யோசித்து, வெந்நீர் மட்டும் கொடுத்தது. லிஃப்ட் வந்து நின்று, பாதி திறந்து, எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

திரும்பி வந்து, ஆண்ட்ரூவிடம் வாய் திறந்தே கேட்டாள். அந்த மாடியில் அது கிட்டத்தட்ட குற்றம். நாலைந்து தலைகள் திரும்பின.

"ஆண்ட்ரூ, இன்னிக்கு என் பேர் போடலியா?"

"மெதுவா பேசும்மா." அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ என்னாத்துக்கு அப்டி எழுதுன? உன் பாதி வேலைய என் தலையில கட்டிட்டாங்க. இப்போ நான் உனக்குத் தேங்க்ஸ் போட்டா, 'வேலை செய்யிறது நீ, தேங்க்ஸ் மட்டும் அவளுக்கா'ன்னு நோரா கேப்பாங்க."

"ஒரே ஒரு வரி, ஆண்ட்ரூ. அப்பாவுக்கு..."

"தெரியும்பா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

காற்று வாங்கலாம் என்று படியிறங்கி, வாசல் கேட்டில் கார்டை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. செக்யூரிட்டி கோவிந்தப்பா அவளைத் தாண்டிப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் தெரியறேனா?"

அவர் கண்ணைச் சுருக்கினார். "தெரியுதும்மா," என்றார் பணிவாக. "லைட்டா."

கையில் போன் அதிர்ந்தது. குரூப் சாட்டில் யாரோ எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கின. அவளுடைய கட்டைவிரல் அவற்றின் மேல்தான் இருந்தது. விரலின் ஊடாக அவை தெளிவாகவே தெரிந்தன.

இதையெல்லாம் தாரணி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.