தையலை அறுத்தவள்

"ஓடி வாங்க! கரை போச்சு!" என்று பக்கத்து வயல்காரன் தங்கப்பன் அலறியபோது நான் கப்பைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் குட்டநாட்டில் காயல் தண்ணீர் மேலே, வயல் கீழே. நடுவில் நிற்பது ஒரு சேற்றுக்கரைதான். அது உடைந்தால் உன் வயல், என் வயல் என்ற பேச்சே இல்லை, எல்லார் நெல்லும் ஒன்றாகத்தான் மூழ்கும். அறுவடைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

போய்ப் பார்த்தால் உடைப்பில் தண்ணீர் இரைந்து கொட்டுகிறது! மூட்டை மூட்டையாகச் சேறு போட்டார்கள், விழுங்கிவிட்டது. சின்னத் தோணி ஒன்றைத் தள்ளினார்கள், அது குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு வயலுக்குள் போய் விழுந்தது.

"பெரிய வள்ளமா ஒண்ணு கொண்டாந்து, சேறு ரொப்பிக் குறுக்க முக்குங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தியது யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர் அவுசேப்புதான். கத்தி முடித்த பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். அந்தப் பக்கத்தில் பெரிய வள்ளம் வேறு யாரிடம் இருக்கிறது?

அந்த வள்ளத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றாலேயே தைத்தது. வருஷா வருஷம் பிரித்துத் தைத்து மீனெண்ணெய் பூசுவார். என் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டதில்லை.

"என்ன அச்சாயா, வாய் அடைச்சுப் போச்சா?" என்றான் தங்கப்பன்.

"போடா! இந்தா கொண்டாறேன்!"

கொண்டும் வந்தார். சேற்றை வாரி வாரி நிரப்பினோம். உடைப்புக்குக் குறுக்கே நிறுத்தி, ஆணும் பெண்ணுமாக வடத்தை இழுத்துப் பிடித்தோம். முன்பக்கத் தையலை அறுத்தால் போதும், பலகை பிரிந்து வள்ளம் உட்கார்ந்துவிடும்.

"வேற எவனும் கை வைக்கக் கூடாது!" என்று கத்தியோடு உள்ளே குதித்தார். குனிந்தார். அப்படியே இருந்தார்.

"அறுங்க அச்சாயா! வடம் தாங்காது!" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

நான் வடத்தை விட்டுவிட்டு வள்ளத்துக்குள் தாவினேன்.

"லீலாம்மா, என்னால ஆகலடீ," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கத்தியைப் பிடுங்கினேன். முடிச்சு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தைக்கும்போதெல்லாம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தவள் நான்தானே. அறுத்தேன். பலகை வாய் பிளந்தது, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்குத் தாவினேன்.

வள்ளம் ஆடியது. சாய்ந்தது. உட்கார்ந்தது! இரைச்சல் அடங்கியது. மேலே சேறு மலையாகக் குவிந்தது.

"ஆர்ப்போ!" என்று தங்கப்பன் கூவ, "இர்ரோ! இர்ரோ!" என்று கரை முழுக்க ஆர்ப்பரித்தது.

நெல்லை அறுத்தாயிற்று. வள்ளத்தின் மூக்கு மட்டும் கரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் மீனெண்ணெய் பூசுகிறார் மனுஷன். எண்ணெய்ச் சட்டியோடு நானும் பக்கத்தில் நிற்கிறேன். நேற்று, பூசிய கையோடு என் தலையைத் தடவிக் கொடுத்தார். நாற்றம் தாங்கவில்லை. நான் இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை.