நாலாவது மூலை

மடக்கு நாற்காலிகளை மூன்று மூன்றாகச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த லூக்கை மார்வா தடுத்தாள்.

"அப்படியே விட்டுடு லூக். நாளைக்குக் காலையில ஊர்க்கூட்டம். திரும்பவும் நாமதான் விரிக்கணும்."

மார்வா ஊர் எழுத்தர். இருபத்தாறு வருடமாக. அந்த ஊரில் பிறப்பு, இறப்பு, நாய் உரிமம் எல்லாம் அவள் கையெழுத்தில்தான். போன வியாழக்கிழமை லூக்கின் மனைவி வின்னியின் பெயரை இறப்பேட்டில் எழுதியதும் அவள்தான்.

லூக் கையிலிருந்த நாற்காலியை மறுபடி விரித்து வைத்தான்.

"இன்னிக்கு வந்த ஆளுங்களேதான் நாளைக்கும் வரப்போறாங்க," என்றாள் பெவ், பீன்ஸ் தட்டைக் கையில் ஏந்தியபடி. "இன்னொரு சாவுக்கு. இந்தக் கட்டடத்தோட சாவுக்கு."

"பெவ்!"

"என்ன, பெவ்? வின்னி இருந்தா சிரிச்சிருப்பா."

சிரித்திருப்பாள். லூக்குக்கும் அது தெரிந்தது.

காலையில் சர்ச்சில் எல்லாம் முடிந்து, சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் கல் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். மண் நாலடிக்கு உறைந்து கிடந்தது. மே மாதம்தான் மண்வெட்டி இறங்கும். குளிர்காலத்தில் இறந்தவர்கள் அதுவரை அங்கே காத்திருப்பார்கள். வின்னியோடு இந்த வருடம் மூன்று பேர். மற்ற இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். வின்னிக்கு முப்பத்திரண்டு.

அதன் பிறகு எல்லோரும் ஊர் மன்றத்துக்கு வந்தார்கள். ஹாம், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், மூடி போட்ட ஆறு பாத்திரங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. லூக் அவற்றையெல்லாம் கழுவி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டிருப்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

மன்றத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல். பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று ஊர் ஐந்து வருடமாகச் சண்டை போட்டது. கடைசியில் வின்னியிடம் விட்டார்கள். அவள் மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதிக்கிற பொறியாளர். சுவருக்கு அடியில், கல்லின் மேல் கிடக்கிற உத்தரங்களை ஒவ்வொன்றாகக் குத்தூசியால் குத்திப் பார்த்தாள். நல்ல மரத்தில் ஊசி கால் அங்குலத்தில் நின்றுவிடும். அங்கே நீலச் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவாள். உளுத்திருந்தால் பெருக்கல் குறி. பக்கத்தில் தேதி, தன் பெயரின் முதல் எழுத்து. பல சனிக்கிழமைகளில் டார்ச் பிடித்தது லூக்.

டிசம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்: "மூணு மூலை நல்லா இருக்கு. நாலாவதும் நல்லா இருந்தா ரிப்பேர் பண்ணுங்க. இல்லேன்னா அதுல பணத்தைக் கொட்டாதீங்க, புதுசா கட்டுங்க. மார்ச்ல சொல்றேன்." அப்போதே ஸ்வெட்டர் அவள் மேல் தொங்கியது. ஊர் கைதட்டியது.

மார்ச் வந்துவிட்டது.

பெவ் தட்டை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். தீயணைப்புப் படைத் தலைவி. மன்றத்து மாடிக்குப் போகும் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, இடிக்கத்தான் வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொல்லி வருபவள். ஜனவரியில் வின்னியை வீட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கியதும் அவள்தான்.

"கேக்கக் கூடாது. ஆனா கேக்கறேன். அந்த நாலாவது மூலையைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை?"

"மருந்து மயக்கத்துல என்னென்னமோ சொன்னா. கோட்டுப் பையில குத்தூசி இருக்கு, தூக்கிப் போட்டுடாதேன்னா."

பெவ் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "சாப்பிடு. அந்த பீன்ஸ் நான் செஞ்சது இல்ல, தைரியமா சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையோரம் வின்னியின் அப்பா ஓரின் தனியாக உட்கார்ந்திருந்தார். மன்றத்தின் உலைக்கு முப்பத்தோரு வருடம் விறகு போட்டவர். இடிக்க விட மாட்டேன் என்று தபால் நிலையத்தில் நின்று கத்தியவர். தட்டில் இருந்த முட்டையைக் கரண்டியால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

லூக் தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தான். குத்தூசி இருந்தது. காலையில் ஏன் எடுத்து வைத்தோம் என்று தெரியவில்லை. சமையலறை இழுப்பறையிலிருந்து டார்ச்சை எடுத்தான். மேடைக்கு அடியில் இடுப்பளவுக் கதவு. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் குனிந்து உள்ளே போனான்.

தவழ்ந்துதான் போக முடிந்தது. தலைக்கு மேல் பலகையில் காலணிகள் நடந்தன. யாரோ ஒரு பெண் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். வடகிழக்கு மூலையில் மண் வாடை. டார்ச்சை உயர்த்தினான்.

நீல வட்டம் இருந்தது.

அவள் போட்டதுதான். இடைவெளி விடாமல் மூடிய வட்டம். பக்கத்தில் அவள் எழுத்து. தேதி: நவம்பர் 14.

அப்படியானால் பார்த்துவிட்டாள். நன்றாகவே இருக்கிறது. லூக் அரை நிமிடம் அப்படியே மண்டியிட்டிருந்தான். பிறகு, வந்ததற்கு ஒரு தடவை என்று, வட்டத்தின் நடுவில் ஊசியை வைத்து அழுத்தினான்.

பிடி வரை இறங்கியது. சத்தமே இல்லை. ஈர ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது.

ஒரு சாண் தள்ளிக் குத்தினான். அங்கேயும். இன்னொரு சாண். அங்கேயும்.

நவம்பர் பதினாலு. அன்று காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையிலிருந்து சோதனை முடிவைச் சொல்லிப் போன் வந்தது. வின்னி 'சரி, சரி' என்று மட்டும் சொன்னாள். பிறகு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். இருட்டும் நேரத்தில் திரும்பியபோது முழங்காலில் மண். எங்கே விழுந்தாய் என்று அவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் முட்டை பொரித்துச் சாப்பிட்டார்கள்.

கதவுப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. ஓரின் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

லூக் தவழ்ந்து கதவருகே வந்தான். வெளியே வரவில்லை. ஊசியை நீட்டினான். அதில் ஈர மரத்தூள் ஒட்டியிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு டார்ச் பிடிச்சது யாரு? வேலை நாள்ல வந்து நின்னா. 'அப்பா, ஒரு கை பிடி'ன்னா." ஓரின் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "மூணு இடத்துல குத்தினா. மூணுலயும் உள்ள போச்சு. திரும்பி என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் வட்டம் போட்டா."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டிருக்கணும். கேட்டா அழிச்சிடுவாளோன்னு இருந்துட்டேன்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுல ஜன்னலை உடைச்சாக்கூட வந்து சொல்லிடுவா, சனியன். பொய்யே வராது. எனக்காக ஒண்ணு சொன்னா. இந்தக் கிழவனுக்காக."

போன் வந்தது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. நோயைப் பற்றி டிசம்பர் கடைசியில்தான் அவரிடம் சொன்னார்கள்.

லூக் வாயைத் திறந்தான். மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"ஆமா," என்றான். "உங்களுக்காகத்தான்."

ஓரின் தலையாட்டினார்.

"ஆனா டிசம்பர்ல எழுந்து சொல்ல முடியல பாத்தியா அவளால," என்றார். "மார்ச்னு தள்ளிட்டா."

"ம்."

"அந்த வட்டத்தை நாளைக்கு எவனாவது போய்ப் பாத்தான்னா, ஊரே அதை நம்பும். வின்னி போட்டதுன்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பும்."

"நம்பும்."

"அப்புறம் ஒருநாள் சுவர் இறங்கும். அப்போ அவ பேரைச் சொல்வானுங்க."

லூக் கோட்டுப் பையில் கை விட்டான். காலையில் குத்தூசியோடு சேர்த்து எடுத்து வைத்த சாக்குக்கட்டித் துண்டு இருந்தது. சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

ஓரின் கையை நீட்டினார். "டார்ச்சை என்கிட்ட குடு. நான் பிடிக்கிறேன்."

அவர் கதவிலிருந்தே வெளிச்சம் காட்டினார். லூக் மூலைக்குத் தவழ்ந்து போய் உள்ளங்கையை வட்டத்தின் மேல் வைத்தான். உடனே தேய்க்கவில்லை. பிறகு தேய்த்தான். தேதி, எழுத்து, எல்லாம். அந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டான். மார்ச் 3 என்று எழுதித் தன் எழுத்தைப் போட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே நாற்காலிகளில் அதே ஆட்கள். சாலைச் செலவு, பள்ளிப் பேருந்து, நாய்ச் சட்டம் எல்லாம் முடிந்து மன்றத்தைப் பற்றிய ஒன்பதாவது தீர்மானம் வந்தபோது, கூட்டத்தை நடத்தும் நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். லூக் எழுவதற்குள் ஓரின் எழுந்துவிட்டார்.

"நாலாவது மூலை போச்சு," என்றார். "நேத்து முந்தாநாள் போகல, எப்பவோ போயிருக்கு. நேத்து லூக் குத்திப் பாத்தான். நான் டார்ச் பிடிச்சேன்."

"ஓரின், நீயா சொல்றே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேற யாரு சொல்வா? நீயா? உனக்குக் குனிய முடியுமா?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பெவ் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வின்னி என்ன சொன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவ போன டிசம்பர்லயே சொல்லிட்டா," என்றார் ஓரின். "நாலாவது கெட்டிருந்தா புதுசா கட்டுங்கன்னு. நீயும்தானே கை தட்டினே." உட்கார்ந்தார்.

கையைத் தூக்காமல் வாக்கைச் சீட்டில் எழுதிப் போடலாம் என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேர் கேட்டால் போதும். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வரிசை மேடையோரமாக வளைந்து, மார்வாவின் மேசைக்குப் போனது. அவள் முன்னால் வாக்காளர் பட்டியல். பிப்ரவரியில், வின்னி இருந்தபோது அச்சானது. மர ஸ்கேலைப் பெயருக்கு மேலே வைத்து, பேனாவால் டிக் போட்டு, ஒரு வெள்ளைச் சீட்டைக் கொடுப்பாள். லூக்குக்கு முன்னால் நின்றவருக்கும் அப்படித்தான் வைத்தாள்.

அவன் முறை வந்தது.

"பேரு?" என்றாள். எல்லோரையும் கேட்க வேண்டும் என்பது விதி.

"பெல்ரோஸ், லூக்."

மார்வா ஸ்கேலை எடுத்து அவன் பெயருக்குக் கீழே, அடுத்த பெல்ரோஸ் மறையும்படி வைத்தாள். டிக் போட்டாள். சீட்டை நீட்டினாள். அவன் வாங்கியபோது அதன் ஓரத்தில் அவன் விரலிலிருந்த சாக்குக்கட்டி நீலம் ஒட்டியது.

பின்னால் ஓரின் நின்றார்.

"பேரு?"

"ஹாஸ்கெல், ஓரின்."

மார்வா ஸ்கேலை எடுக்கவில்லை. அதை உள்ளேயே வைத்துப் பக்கத்தைப் புரட்டினாள். அவர் பெயரை விரலால் தேடினாள்.