பச்சைக் கட்டம்

பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. இரவெல்லாம் இரும்பைக் காய்ச்சி ஊற்றிய உலை வெறும் வயிற்றோடு சிவந்து கிடந்தது. வரதன் தொடைவரை ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டி, மேடை விளிம்பில் குனிந்தான். கையில் நுனி வளைந்த நீளக் கம்பி. கல்மாவை இடித்துக் கெட்டித்த உள்சுவர் எங்கெங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். சாக்கிலிருந்து ஆவி கிளம்பியது. புருவ மயிர் பொசுங்கும் வாடை வந்தது. அந்த வாடைக்கு அவன் முகம் சுளிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது.

"வடக்கால அறுபது!" என்று கத்தினான். தூணில் தொங்கிய கரும்பலகையில் குப்புராஜ் சுண்ணக்கட்டியால் எழுதினான். "கீழ அம்பத்தஞ்சு! தெக்கால..." கம்பி தடவித் தடவி நின்றது. "தெக்கால குறி போடு. மேலயும் கீழயும் குறி போட்டுடு."

எண்ணுக்குப் பதிலாக X என்று பெரிதாகப் போட்டான் குப்புராஜ். கும்மிடிப்பூண்டியின் இந்த ஆலையில் உலைக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. சுவர் மோசமாகத் தேய்ந்த இடத்துக்கு எண் சொல்லமாட்டார்கள். சொன்னால், இன்னும் இவ்வளவு இருக்கிறதே என்று எவனாவது உலையை மூட்டச் சொல்வான் என்ற பயம். குறி விழுந்தால் கைவைக்காதே என்று அர்த்தம். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் இருக்கிறது. காய்ச்சிய இரும்பு அந்தத் தண்ணீரைத் தொட்டால் மேடையில் நிற்கிறவன் மிஞ்சமாட்டான்.

பூமிகா பலகையில் இருந்ததைக் குறித்துக்கொண்டு மாடி ஆபீசுக்கு ஓடினாள். பெரியபாளையத்திலிருந்து பஸ் மாறி வருகிற பெண். டிப்ளமா முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி சந்திரமோகன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எக்செல் படித்துக்கொண்டு வரச் சொல்லி அவளைப் புதுவாயலில் ஒரு கிளாசுக்கு அனுப்பினான். அங்கே மார்க் லிஸ்ட்டும் மளிகைக் கணக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உலைக்கு வேண்டியதை அவளே முட்டி மோதிக் கற்றாள். சமக்குறி போட்டால்தான் கணக்கு ஓடும். கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் அதே கணக்கு கீழே கீழே இறங்கும். எத்தனை கிலோ பழைய இரும்புக்கு எவ்வளவு மாங்கனீசு போட வேண்டும் என்பதை முதல் தடவை கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னபோது, அவளுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

உலைச்சுவரையும் அதில் ஏற்றச் சொன்னது சந்திரமோகன்தான். "இத்தினி நம்பர நான் எங்கம்மா பாக்கறது? ஒரே ஒரு கட்டம் காட்டு. பச்சன்னா ஓட்டணும், செவப்புன்னா நிறுத்தணும். அவ்ளோதான்." அவளும் எல்லா அளவையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரே கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறம் மாறுவதைப் பார்த்து அவன் கை தட்டினான். அந்த மாதமே போர்மேன் பாக்கியநாதனை வீட்டுக்கு அனுப்பினான். பலகையில் குறியைப் பார்த்ததும் உலையை நிறுத்துகிற மனுஷன் அவர் ஒருவர்தான். அவருடைய நாற்காலியில் பூமிகா உட்கார்ந்தாள். அது ஒருநாளும் அவளுக்கு ஒட்டவில்லை.

அன்றும் எண்களை அடித்தாள். குறி இருந்த இடத்தில் ஒழுங்காகக் குறியையே அடித்தாள். கட்டம் பச்சை. தெற்குப் பக்கம் அப்படி இருக்க எப்படிப் பச்சை? மனசு நெருடியது. மற்ற பக்கங்கள் தாங்கியிருக்கும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டாள். தெரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கீழே வரதன் சந்திரமோகனிடம் தகராறு செய்துகொண்டிருந்தான். "குறி விழுந்துகீது சார்."

"கம்ப்யூட்டர் பச்ச காட்டுது. அதவிட ஒனக்கு அதிகம் தெரியுமா? கரண்ட் இருக்கசொல்லோ ஓட்டு."

கரண்ட் வெட்டு தமிழ்நாட்டையே பேஜாராக்கிய வருஷம் அது. மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் உலை எரிய வேண்டும் என்று சந்திரமோகன் பறந்தான். உலையை மூட்டினார்கள். மூட்டியதும் மாடியில் கம்ப்யூட்டர் திரை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. உலைக்குப் போகிற மின்சாரத்தின் காந்தம் மாடிவரை வந்து எழுத்துகளைக் குலுக்கும். பூமிகாவுக்குக் கண் வலிக்கும். அன்று கண்ணை மூடினாலும் நிம்மதி வரவில்லை.

மத்தியானம் தெற்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. வரதன் பாய்ந்துபோய் உலையைச் சாய்த்து மொத்த இரும்பையும் குழியில் கொட்டினான். அதனால்தான் வெடிக்கவில்லை. ஆனால் அதற்குள் கசிந்த இரும்பு மேடைக்கு அடியில் வழிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயைப் பார்க்கக் குனிந்திருந்த குப்புராஜின் இடது கால் கணுக்கால்வரை வெந்தது. கிரேன் ஓட்டும் ஷஃபியுல்லா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். அந்த அலறல் ஆலைக்குள் ரொம்ப நேரம் இருந்தது.

ஆட்டோ போய் மறைவதற்குள் சந்திரமோகனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "தூங்கியிருப்பான். சுவர் நல்லாதான் இருந்துச்சி. ஷீட் இருக்குது." குப்புராஜின் பெயரை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னான்.

மறுநாள் மின்சார விடுமுறை. மாலையில்தான் கரண்ட் வரும். அதற்குள் ஓட்டையை மாவு பூசி அடைத்துவிட்டு, வந்ததும் மூட்ட வேண்டும் என்று உத்தரவு. ஆபீசுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. பூமிகா உட்கார்வதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தாள். தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள். கடைசியில் நேற்றைய கணக்கைத் திறந்தாள்.

தெற்குப் பக்கக் குறிகளை அழித்தாள். பச்சை. அங்கே தன் பெயரை அடித்துப் பார்த்தாள். பச்சை. குப்புராஜ் என்று அடித்தாள். அப்போதும் பச்சை. அந்த இடங்களில் பூஜ்யம் போட்டதும்தான் கட்டம் சிவந்தது.

அப்போதுதான் புரிந்தது. எழுத்தைக் கம்ப்யூட்டர் சராசரிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இல்லாத இடமாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறது. சுவர் எவ்வளவுக்கு மோசமோ அவ்வளவுக்குக் குறிகள் கூடும். அத்தனையும் விட்டுப்போய், நல்ல இடங்கள் மட்டும் கணக்கில் நிற்கும். சுவர் கெடக் கெடப் பச்சை. இதைத்தான் பெருமையோடு செய்து கொடுத்திருக்கிறாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே கணக்கை மாற்றினாள். சராசரியைத் தூக்கினாள். ஆக மெலிந்த இடம் எதுவோ அதுதான் உலையின் கணக்கு. ஒரு கட்டத்தில் எண் இல்லாவிட்டாலும் மொத்தமும் சிவக்க வேண்டும். சூத்திரம் இரண்டு தடவை தகராறு செய்து மூன்றாம் தடவை ஓடியது.

சந்திரமோகன் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா செவப்பு?"

அவள் விளக்கினாள். அவன் பாதியிலேயே புரிந்துகொண்டான். புத்திசாலிதான்.

"பழையபடி மாத்திடு. இத யாருகிட்டயும் பேசாத. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தா பச்ச ஷீட்தான் காட்டணும்."

"தப்பு சார் அது."

"உன்ன படிக்க வெச்சதே நான்தாம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பூமிகா படியிறங்கினாள். ஸ்கிராப் யார்டில் இரும்பு பிரிக்கும் கன்னியம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து உலை மேடையருகே உட்கார்ந்திருந்தாள். குப்புராஜின் மனைவி. சேலையில் இன்னும் மருந்து வாடை. சுற்றி நின்றவர்களிடம் பூமிகா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பச்சய போட்டது நீயா?" என்றாள் கன்னியம்மா.

"நான்தான்க்கா."

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "அவரு தூங்கலன்னு அந்தப் பொட்டி சொல்லுமா?"

"சொல்லும்க்கா."

"அப்ப மேல எதுக்கு கீது? எறக்கியா. அல்லாரும் பாக்கட்டும்."

ஷஃபியுல்லா படியேறிப்போய் அந்தக் கனத்த திரையைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே பூமிகா பெட்டியையும் கீபோர்டையும் தூக்கி வந்தாள். வரதன் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்தான். இரும்பு டிரம்மின்மேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் பூமிகா போட்டுக் காட்டினாள். பச்சை, சிவப்பு. ஒரு தடவை பார்த்ததே போதும், யாருக்கும் இரண்டாம் தடவை தேவைப்படவில்லை.

"நாம போட்ட குறிய தின்னுட்டு ஏப்பம் உட்டுகீது" என்றான் வரதன்.

சத்தம் கேட்டு சந்திரமோகன் வந்தான். "இன்னாய்யா கூட்டம்? கரண்ட் வரப்போவுது. வரதா, ஸ்கிராப்ப ஏத்து."

"சுவத்த இடிச்சிட்டு புதுசா கட்டணும் சார். அப்புறம் ஏத்தறோம்."

"பூசியாச்சில்ல?"

"பூசியாச்சி. நீங்க மேடையில வந்து நில்லுங்க, நான் ஸ்விட்ச் போடறேன்."

சந்திரமோகன் மேடையைப் பார்க்கவே இல்லை. பூமிகா பக்கம் திரும்பினான். "நீ ஆபீஸ் ஸ்டாப்பும்மா. இவங்க லேபர். இவங்களாண்ட ஒனக்கு இன்னா வேல?"

"நான் போட்ட பச்சைக்குத்தான் சார் அவரு கால் வெந்துச்சி. எனக்கு இங்கதான் வேல."

"எங்கூட்டு ஆளு தூங்கனாருன்னு சொன்னியே, அத மொதல்ல வாபஸ் வாங்கு" என்று கன்னியம்மா எழுந்தாள். "வைத்தியம் நீ பாக்கணும். கால் ஆறனா அதே வேலைக்கு எடுக்கணும். அதுவரைக்கும் இங்க எவனும் தொடமாட்டான்."

"கேட்ட பூட்டிருவேன். பக்கத்து மில்லுல ஆள் இல்லன்னு நெனச்சிக்கினீங்களா?"

"பக்கத்து மில்லு ஆளுக்கும் குறின்னா இன்னான்னு தெரியும் சார்" என்றான் ஷஃபியுல்லா. பக்கத்து மில்லில் தெரிந்த ஒருவனைக் கூப்பிட, செல்போனை எடுத்துக்கொண்டு மதில் ஓரம் போனான்.

வரதன் சுண்ணக்கட்டியை எடுத்து உலையின் இரும்பு உடம்பில், ஆள் உயரத்துக்கு ஒரு குறி போட்டான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, நாளைக்கு இந்தக் கேட்டு திறக்குமா என்று அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

கரண்ட் வந்தது. குழல் விளக்குகள் கண் சிமிட்டி எரிந்தன. மின்விசிறிகள் சுற்றின. பக்கத்து மில் மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது, பிறகு வரிசையாகத் தலைகள். "இன்னா நைனா, மூட்டலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"குறி போட்டுகீது!" என்று ஷஃபியுல்லா கத்தினான்.

சந்திரமோகன் ஸ்விட்ச் பலகையைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். யாரைக் கூப்பிடுகிறானோ.

கன்னியம்மா டிரம்மின் அருகே வந்தாள். "அவரு பேர அதுல போட்டன்னியே, பச்சயா இருந்துச்சின்னியே. இப்ப போடு."

பூமிகா தெற்குப் பக்கக் கட்டத்தில் குப்புராஜ் என்று அடித்தாள். கட்டம் சிவந்தது. கன்னியம்மா விரலால் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

கரண்ட் வந்து இவ்வளவு நேரமாகியும் திரை ஆடவில்லை.