ஒரு கரண்டி எண்ணெய்

ஆடி பிறந்து நான்காம் நாள் தென்னேரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. "வருஷா வருஷம் போல வந்து வண்டியைக் கட்டிவைத்துவிட்டுப் போகவும். ஜினதாஸ்." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

காஞ்சிபுரத்தில் என் மெக்கானிக் பட்டறை வாசலில் நின்று இரண்டு முறை படித்தேன். போன ஆடியில் நான் கட்டிவைத்த வண்டி அது. கார்த்திகைப் பௌர்ணமி கழிந்து திறக்க நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷமாகக் கட்டையின் மேல் நிற்கிற வண்டியை மறுபடியும் எப்படிக் கட்டுவது?

ஆனால் போகாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது. அங்கே என் டின் ஒன்று இருந்தது.

ஜினதாஸ் நயினார் அந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை அறுபத்திரண்டில் ராணுவ ஏலத்தில் எடுத்தார். எருமை மாதிரி வண்டி. நெல் வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. முதல் மழைக்காலத்தில் ஒருநாள் மனைவி தயாவதியைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரை ரோட்டில் வந்திருக்கிறார். வீட்டு வாசலில் இறங்கிய அந்த அம்மாள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்களாம். தவளைக் குஞ்சுகள், சிவப்பு வெல்வெட் பூச்சிகள், நத்தைகள் எல்லாம் டயரில் அரைபட்டு ஒட்டியிருந்தன. அன்று அவர்கள் சாப்பிடவில்லை. அவர்களுடைய ஜைன சாமியார்கள் மழை நான்கு மாதமும் ஓர் ஊரை விட்டு நகரமாட்டார்களாம், மிதிபட்டு உயிர் போகும் என்று. "சாமியாருங்க கால அடக்கறாங்க, நாம சக்கரத்த அடக்கக்கூடாதா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து ஆடி முதல் கார்த்திகை வரை வண்டி ஓடாது. காஞ்சிபுரத்துக்குப் பத்து மைலில் இருந்துகொண்டு, புழு சாகும் என்று ஒருநாளும் பட்டுப் புடவை உடுத்தாத அம்மாள் அவர்கள். நயினார் மறு பேச்சு பேசவில்லை.

நான்கு மாதம் நிற்கும் வண்டியை அப்படியே விட்டால் கெட்டுப்போகும். அதற்குத்தான் நான் போவேன். டாங்கியைக் காலி செய்வேன். விளக்குக்கான பேட்டரியைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துவருவேன். சக்கரம் இரண்டும் தரையில் படாமல் கட்டை கொடுப்பேன். புகைக்குழாயில் எலி புகாமல் துணி அடைப்பேன். கடைசியாக என்ஜின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, கிக்கரை இரண்டு முறை மெதுவாக அமுக்கிவிட்டு, பிளக்கை மூடிவிடுவேன். உள்ளே துரு ஏறாது. கரண்டி தயாவதி அம்மாள் வீட்டுக் கரண்டி. அந்த வேலைக்கென்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

போன ஆடியில் டாங்கியைக் காலி செய்தபோது, "ஆத்திர அவசரத்துக்கு ரெண்டு லிட்டர் இருக்கட்டும்கா" என்றேன்.

"வேணாம் பாய். பெட்ரோல் இருந்தா மனசு அது பக்கம் போவும். எடுத்துக்கினு போயிடு" என்றார்கள்.

சரி என்று தலையாட்டினேன். பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு தகர டின்னில் இரண்டு லிட்டரை ஊற்றி, கொட்டகையில் உமி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். நயினாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனைவியிடம் சொல்லிவிடுவார். அவருக்குப் பொய் வராது.

ஐப்பசியில் தயாவதி அம்மாள் மாட்டுக் கொட்டிலில் வறட்டி எடுக்கும்போது பாம்பு கடித்தது. மாட்டு வண்டியில் காஞ்சிபுரம் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் வண்டி நுழைந்தபோது மூச்சு இருந்ததாம். ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. எனக்குச் செய்தி தெரிந்து தென்னேரி போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நயினாருக்கு எதிரில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உமி மூட்டைக்குப் பின்னால் இரண்டு லிட்டர் பெட்ரோல் இருந்தது, நீங்கள் அறியவில்லை, நான்தான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வருஷமாக அந்த டின் என் கூடவே இருந்தது. தொழுகைக்குக் குனிந்தால்கூட இருந்தது.

பகல் பஸ்ஸில் போய் இறங்கினேன். நயினார் கொட்டகையில் காத்திருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"வா பாய்" என்றார்.

மாடு ஓட்டிக்கொண்டு போன வண்டிக்கார வேலாயுதம் எட்டிப் பார்த்தான். "இன்னா பாய், தூங்கிக்கினு இருக்கறவன எழுப்பி மறுபடியும் தாலாட்டு பாடப் போறியா? இந்த வருஷம் கூலி பாதிதான் நயினா, சொல்லிட்டேன்!"

"போடா, உன் மாட்டப் பாரு" என்றார் நயினார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. வேலாயுதம் போனதும் அதுவும் நின்றுவிட்டது.

துணி தேடுவதுபோல உமி மூட்டைகளுக்குப் பின்னால் போனேன். டின் இல்லை. மண் தரையில் அது இருந்த இடத்தில் துருவின் வட்டம் மட்டும் இருந்தது.

"என்னா தேடுற?"

"தொடைக்கத் துணி."

அவர் உள்ளே போய் ஒரு பழைய நூல் புடவையைக் கொண்டுவந்தார். காவிக் கரை போட்டது. அதை நான் பார்த்திருக்கிறேன். "கிழிச்சுக்கோ" என்றார். நான் கிழிக்கவில்லை. மடித்து வண்டியின் சீட்டில் வைத்தேன்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குந்தி உட்கார்ந்து டாங்கியின் குழாயைத் திருகினேன். காலி டாங்கிதானே என்ற நினைப்பு. மஞ்சளாக, பிசினாக, நாள்பட்ட நாற்றத்தோடு பெட்ரோல் என் விரலில் வழிந்தது.

குழாயை மூடவும் தோன்றவில்லை. அது மண்ணில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"உன்னுதுதான் பாய்" என்றார் நயினார். "நீ போன மறுநாளே அவ பாத்துட்டா."

"கொட்டச் சொல்லலியா?"

"சிரிச்சா. பாய்க்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல, பாவம் அவரு மனசு, அது பாட்டுக்கு இருக்கட்டும், தொடாம இருந்தா போச்சு அப்டீன்னா."

வெளியே ஏரிக் காற்று கூரை ஓலையை அசைத்துக்கொண்டிருந்தது. அவர் நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"காலையில பத்து மணி. மழை. காஞ்சிபுரம் பஸ்ஸு போயிடுச்சு. அடுத்தது சாயங்காலம்தான். வேலாயுதம் மாடு பூட்டறேன்னான். நான் இருடான்னு சொல்லிட்டு இங்க ஓடியாந்தேன். டின்னு ஞாபகம் வந்துடுச்சு. ஊத்தினேன். கட்டைய இழுத்துட்டேன். பொகக் கொழாயில நீ அடைச்ச துணிகூட எடுத்துட்டேன் பாய், அத மறக்கல. ஒதைச்சேன். ஒதைச்சேன். ஒரு சத்தம் கெடையாது. அவ தோ, அந்தப் படியில ஒக்காந்துக்கினு கால நீட்டிக்கினு பாத்துக்கினே இருந்தா. 'விடுங்க, அது வராது'ன்னா. நான் விடல. அரைமணி நேரம் ஒதைச்சேன். அப்புறம்தான் மாடு பூட்டினோம்."

அரைமணி நேரம். ஆஸ்பத்திரி வாசல் என் கண்ணில் வந்து நின்றது. டின் அவருக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் ஒரு வருஷமாக மருகினேன். தெரியாமல் இருந்திருந்தால் அவர் நேராக மாட்டு வண்டியில் ஏறியிருப்பார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார் அவர். "அவ புடிச்ச விரதம் அவள விடல. வண்டிய நிறுத்தி வெச்சுது. அவளே ஒத்துக்கினு போன மாதிரிதான். அத நெனச்சுதான் நான் சோறு துன்றேன் பாய்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லியே? நீ பாத்து சொல்லு. அதுக்குதான் கார்டு போட்டேன்."

நான் பிளக்கைக் கழற்றினேன். திருகுசாவியின் ஒரு சுற்றில் அது பிடி விட்டது. வெளியே வந்த பிளக்கின் முனை கறுத்து, வழவழவென்று எண்ணெயில் குளித்திருந்தது. ஒரு வருஷத்தில் அது காயக்கூட இல்லை.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நான் ஊற்றிய எண்ணெய். பிளக்கைக் கழற்றித் துடைத்து, துளையைத் திறந்துவிட்டு நாலு உதை உதைத்து, உள்ளே நிற்கும் எண்ணெயைப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டுத்தான் வண்டியை எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பொறி விழாது. எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். நயினாருக்குத் தெரியாது. ஏழு வருஷமும் கட்டியது நான், திறந்ததும் நான். டின்னை வைத்தேன், இதைச் சொல்லவில்லை.

பிளக்கைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"வண்டியில கோளாறு இல்ல நயினாரே" என்றேன்.

அவர் கண்ணை மூடித் தலையை அசைத்தார். அந்த முகத்தில் ஒரு வருஷக் களைப்பு இறங்குவதைப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் இல்லை. வண்டியில் கோளாறு இல்லைதான். இப்படியே விட்டுவிடலாம், அவர் சாப்பிடுவார், நானும் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்தேன். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துக் கொல்லையில் கொட்டினேன். சங்கிலிக்கு மசகு போட்டேன். கட்டையைச் சரிசெய்தேன். எல்லாம் கை தானாகச் செய்தது.

நயினார் எழுந்துபோய் மாடத்திலிருந்து கரண்டியை எடுத்துவந்தார். எண்ணெய்ப் புட்டியிலிருந்து அவரே அதை நிறைத்தார், தளும்பாமல். வழக்கமாக அதைச் செய்வது தயாவதி அம்மாள்.

"ஊத்து" என்று நீட்டினார்.

வாங்கித் துளைக்கு மேல் கொண்டுபோனேன். கை சாயவில்லை. மறுபடி முயன்றேன். அவர் முதலில் கரண்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் சும்மா நின்றதுதான் தாங்கவில்லை.

இடது கையை விரித்து பிளக்கைக் காட்டினேன்.

"இந்த எண்ணெய்தான் நயினாரே. இது பிளக்குல ஏறிட்டா வண்டி வராது."

"தொடைச்சா?"

"வரும்."

"அன்னிக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

மரக்காலின் மேல் ஓர் எறும்பு வரிசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லித் தரல?" என்றார் கடைசியில், கோபமே இல்லாமல்.

"தெறக்க நான்தான வருவேன்னு..." என்றேன்.

"இப்ப சொல்லிக் குடு."

கரண்டி எண்ணெயைத் துளையில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பிளக்கை மூடச் சொன்னார். மூடினேன். பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு வண்டியருகில் மண்டியிட்டார். சாவியை எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் திருகுவது என்று காட்டினேன். கழற்றினார். மடித்துவைத்த நூல் புடவையை எடுத்து, அதன் முனையால் பிளக்கைத் துடைத்தார். காவிக் கரையில் கறுப்பு ஏறியது. கிக்கரை நாலு தரம் மிதித்தார். துளையிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அவர் சட்டையில் தெறித்தது. பிளக்கை மூடினார்.

"எத்தினி நிமிஷம்?"

"நாலு இருக்கும்."

மறுபடி எண்ணெய் ஊற்றச் சொன்னார். மறுபடி கழற்றித் துடைத்தார். இந்த முறை மூன்று நிமிஷம். மூன்றாவது முறை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவரே செய்து முடித்தார். கடைசியாக எண்ணெயை விட்டு, பிளக்கை மூடி, எழுந்து நின்று, படியைப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. இந்த நேரத்துக்கு உள்ளேயிருந்து குரல் வரும். "சூரியன் போவறதுக்குள்ள வந்து சாப்புடுங்க ரெண்டு பேரும். இருட்டினா எல போட்டு உக்காரவெக்க மாட்டேன்." அவர்கள் இருட்டில் சாப்பிடமாட்டார்கள். எனக்கும் சேர்த்துத்தான் இலை போடுவார்கள். இன்று அடுப்பு எரிந்ததாகத் தெரியவில்லை. நயினார் மேற்கைப் பார்த்தார். சாப்பிடுகிற யோசனை அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

கொட்டகை மூலையிலிருந்து என் டின்னை எடுத்துவந்து கொடுத்தார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அடுத்த ஆடிக்குக் கார்டு போடமாட்டேன் பாய். நானே பண்ணிக்கிறேன்."

"சரி" என்றேன்.

"உன்மேல வருத்தம் இல்ல."

டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தூறல் விழுந்தது. ஏரிக்கரை திருப்பம்வரை வந்திருப்பேன். பின்னால் கொட்டகையிலிருந்து கிக்கர் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சற்று இடைவெளி. மறுபடியும் ஒன்று.

டாங்கியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பஸ் வரும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.